ஒட்டிவைத்த கண்ணீர்

பெங்களூர் மழைக்கு மரியாதை தெரியாது. வருகிறேன் என்று ஒரு இடி, ஒரு குளிர்காற்று... எதுவும் கிடையாது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை சாயங்காலம், லீனா பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் பாதி தூரம் வந்திருக்கும்போது சடசடவென்று கொட்ட ஆரம்பித்தது. கையில் மம்மிக்கு வாங்கிய மாத்திரை, காதில் இயர்பட்ஸ், அதில் டிவி பாட்டுக்காரி வீணாவின் குரல். ஓடிப்போய் ஒரு பேக்கரியின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் அதே கூரைக்கு ஓடிவந்தான். வந்தவன் சும்மா நின்றிருக்கலாம். குடையை மடக்குகிறேன் பேர்வழி என்று அவள் முகத்துக்கு நேராக ஒரு உதறு உதறினான். லீனா பதறித் தலையைத் திருப்பியதில் இடது காதிலிருந்த இயர்பட் தெறித்து, படியில் ஒரு குதி குதித்து, சாக்கடைத் தண்ணீரோடு போயே போய்விட்டது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"ஸாரி மேடம்..." என்று நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சரியாகத் தூங்காத பெரிய கண்கள். இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. முதல் பார்வையிலேயே மயங்கிப்போனான் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் லீனாவுக்கு இந்தப் பார்வை பழகிப்போயிருந்தது. கம்பெனி லிஃப்டில், கேப் வண்டியில், சர்ச் வாசலில்... முதலில் புருவம் சுருங்கும், அப்புறம் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசனை ஓடும், கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு வருவதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஆமா, அந்த அழுகைக்காரி நான்தான். செல்ஃபி வேணும்னா எடுத்துக்கிட்டு நகருங்க."

அவன் சிரிக்கவில்லை. செல்போனையும் எடுக்கவில்லை. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் சாக்கடையோரம் குனிந்து இயர்பட்டைத் தேட ஆரம்பித்தான். கிடைக்காது என்று தெரிந்தும் தேடினான். லீனாவுக்குக் கோபமாகவே இருக்க ஆசைதான். ஆனால் தலைமுடியெல்லாம் நனைந்து, வெறுங்கையோடு நிமிர்ந்து அவன் விழித்த விழிப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததை அவன் ஏதோ அதிசயம் நடந்ததுபோலப் பார்த்தான்... ஏன் அப்படிப் பார்த்தான் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

அழுகைக்காரி விவகாரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

லீனாவுக்குப் பாட்டுப் பைத்தியம், டிவி பைத்தியம். அதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கேபில் மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும்போது, இவள் மேம்பாலத்து டோல் வருவதற்கு எந்தப் பாட்டு, அதைத் தாண்டியதும் எந்தப் பாட்டு என்று வரிசை வைத்திருப்பாள். மம்மி மௌரீனோடு உட்கார்ந்து பார்க்கிற சீரியல்களில், பின்னணி இசையை மட்டும் கேட்டு எந்த மாமியார் மாடிப்படி இறங்குகிறாள் என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவாள். சனி ஞாயிறு வந்தால் 'மைக் உன் கையில்' பாட்டுப் போட்டி. அந்த நேரத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கிடையாது.

அந்தப் போட்டியில் அவளுடைய உயிர், ஓசூரிலிருந்து வந்த வீணா. ஒல்லியான பெண், கொஞ்சம் கரகரத்த குரல், பாடி முடித்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவாள். வீணாவின் ரசிகர்களுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் லீனாதான் வாய் ஓயாதவள். எதிரி என்று ஒருத்தன் இருந்தான். ரித்விக். கன்னத்தில் குழி, விலையுயர்ந்த ஜிப்பா, குரல் மட்டும் சுமார். சுமார் என்பதே லீனாவைப் பொறுத்தவரை தாராளம்.

அந்த சீசனை ஆனேக்கல் பக்கம் ஒரு செட்டில் எடுத்தார்கள். ரசிகர்களுக்கு அனுமதி உண்டு என்றதும் லீனா லீவு போட்டுவிட்டு, மஞ்சள் சுடிதாரில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அங்கே போன பிறகுதான் சங்கதி தெரிந்தது. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே பார்வையாளர்களின் முகங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்களாம். ஒருவன் மைக்கில், இப்போ கைதட்டுங்க, இப்போ ஆச்சரியப்படுங்க, இப்போ அழுங்க என்று வரிசையாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த பெண்கள் டக்கென்று அழுதார்கள். லீனாவுக்கு வரவில்லை. பாட்டே இல்லாமல் எப்படி அழுவது?

அதெல்லாம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனபோது இவள் மட்டும் இடம் போய்விடும் என்று எழுந்திருக்கவில்லை. மேடையில் மைக் சரிபார்ப்பதற்காக வீணா ஏதோ ஒரு பழைய படப் பாட்டை மெல்லப் பாடினாள். அப்போது லீனா அழுதாள். ஏன் அழுதாள் என்பது அவள் சொந்த விஷயம், மம்மிக்குக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை டிவியில் பார்த்தால்... ரித்விக் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறான். சட்டென்று மஞ்சள் சுடிதார். கன்னத்தில் வழியும் கண்ணீர். மறுபடி ரித்விக். வாரா வாரம் அதே முகம், அதே கண்ணீர், பாட்டுதான் வேறு வேறு. ஊரே பேசியது. அந்தப் பெண்ணுக்காகவாவது ரித்விக்குக்கு ஓட்டுப் போடுங்கள் என்று எழுதினார்கள். பிறகு கேலி ஆரம்பித்தது. வெங்காயம் உரிக்கும் படத்தில் அவள் முகம், சம்பளம் வராத படத்தில் அவள் முகம்.

வீணா ரசிகர்கள் துரோகி என்று அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். வைட்ஃபீல்டிலிருந்து பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பாட்டுக்காரன் பின்னால் அழுகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று நாசூக்காக நழுவினார்கள். கடைசியில் இறுதிச் சுற்றில் ரித்விக் ஜெயித்தான். வீணா இரண்டாவது. மற்றதையெல்லாம் லீனா தாங்கிக்கொண்டாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. வீணாவுக்காக வந்த கண்ணீரை எடுத்து ரித்விக்குக்குக் கொடுத்து, வீணாவைத் தோற்கடித்திருக்கிறார்கள். நான் அவனுக்காக அழவில்லை என்று சொன்னால், அப்புறம் எதுக்கு அழுதே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டாள்.

குடைக்காரன் பெயர் உத்தமன். அல்சூர்ப் பக்கம் வீடு, கல்யாண வீடியோ எடிட் பண்ணும் வேலை. அடுத்த சனிக்கிழமை அதே பேக்கரி வாசலில் புது இயர்பட்ஸோடு நின்றான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு காது போதும், இன்னொரு காது உலகத்துக்கு என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரம் மழையே இல்லை, இரண்டு பேரும் வந்தார்கள்... தகரக் கூரைக்கு அடியில் நிற்க அன்றைக்கு ஒரு காரணமும் இல்லை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்து, அசட்டுத்தனமாகச் சிரித்தார்கள்.

"கூரை நல்லா இருக்கு, இல்ல?" என்றான் அவன்.

"ரொம்ப. பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

அவனுக்குப் பேச்சு குறைவு. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் வளைந்து 'பர்வாயில்ல' என்று எதையாவது சொல்லி முடிப்பான். அவள் ஓயாமல் பேசுவதை அந்தப் பெரிய கண்களால் கேட்பான். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வயலின் அழுகிறது, எந்தச் சீரியலில் செத்தவள் எத்தனை தடவை திரும்பி வந்தாள் என்று அவள் அடுக்கினால் அலுக்காமல் தலையாட்டுவான். 'நீங்க' போய் 'நீ' வந்தது. மம்மி, யார் அந்தக் குடைக்காரப் பையன் என்று விசாரிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது.

அதைவிடப் பெரிதாக ஒன்று. இந்த ஊரில் அவளிடம் ஏன் அழுதாய் என்று கேட்காத ஒரே ஆள் அவன்தான். ஒருநாள் கேட்பான், எல்லோரும் கேட்டார்களே என்று அவள் காத்திருந்து பார்த்தாள். அவன் கேட்கவே இல்லை. அந்த ஒன்றுக்காகவே லீனா அவனைக் காதலித்தாள். இவ்வளவு நாகரிகம் தெரிந்தவன் எங்கே கிடைப்பான்... கேட்காதவனுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் கோல்ஸ் பார்க்கில் ஈர பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. லீனா துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தாள். காதலிக்கிறேன் என்பதை அவள் இப்படித்தான் சொல்ல நினைத்திருந்தாள். அவளிடம் இருந்ததிலேயே பெரிய பொருளை அவன் கையில் கொடுத்துவிட நினைத்தாள்.

"அன்னைக்கு மைக் டெஸ்ட்ல வீணா ஒரு பழைய பாட்டு பாடுச்சு. எங்க டாடி ஷேவ் பண்ணும்போது பாடற பாட்டு. டாடிக்கு ரெண்டாவது வரி எப்பவும் வராது. அந்த இடத்துல மட்டும்..." அப்பா போய் இரண்டு வருடமாகிறது.

"ம்ம்னு முனகுவாரா?" என்றான் உத்தமன் மெதுவாக. "வீணாவும் வார்த்தை மறந்து அப்படித்தான் முனகுச்சு. அங்கதான் உன் கண்ணு நிறைஞ்சுது."

எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டான் என்று ஒரு கணம் அவள் நெஞ்சு நிறைந்தது. மறுகணம் உறைத்தது. அந்த மைக் டெஸ்ட் டிவியில் வரவில்லை. வீணா வார்த்தையை மறந்தது உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு ஒரு வழிதான் இருக்கிறது... அவள் முகத்தை எடுத்த அந்தப் படம், அதன் சொந்தச் சத்தத்தோடு ஒருவன் கையில் இருந்திருக்க வேண்டும்.

"நீ அங்க இருந்தியா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். கண்கள் தரைக்குப் போய்விட்டன. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கல்யாண வீடியோவுக்கு முன்னால் அந்தப் போட்டிக்குத்தான் எடிட்டராக இருந்தான். சீசன் முடிந்ததும் விட்டுவிட்டான். மேலே இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள், பாவம் இவன் என்ன செய்வான் என்று லீனாவின் மனசு அவனுக்காக ஒரு சாக்கைத் தேடி ஓடியது. அவன் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"யாரும் சொல்லல லீனா. முதல் தடவை நானாத்தான் வெச்சேன். ரித்விக் பாட்டு எடுபடல. காலையில குடுத்தாகணும். உன் முகத்தை ஒட்டிப் பார்த்தேன்... பாட்டு எழுந்து நின்னுடுச்சு. அப்புறம் அவங்களே வாரா வாரம் கேட்க ஆரம்பிச்சுட்டாங்க."

மரத்திலிருந்து ஒரு சொட்டு அவள் கையில் விழுந்தது. லீனா எழுந்தாள்.

"நீங்க ஏன் கேட்கவே இல்லைன்னு இப்பதான் புரியுது. தெரிஞ்சவங்க எதுக்குக் கேட்கப் போறாங்க?"

அந்த 'நீங்க'வில் அவன் முகம் செத்துப்போனது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பேரை மட்டும் நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டினாள். திட்டத் திட்ட வலிதான் அதிகமானது.

அதற்குப் பிறகு அவன் அனுப்பிய எதற்கும் பதில் போடவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். ஒரு நாள் தூது வருவதுபோல அவனிடமிருந்து குடை ஒன்று வீட்டு வாசல் கேட்டில் தொங்கியது, மம்மி அதைக் கொடியில் காயப்போட்டாள், இவள் தொடவில்லை. அதைவிட மோசம், பாட்டு நின்றுபோனது. கேபில் ஒற்றை இயர்பட்டைக் காதில் வைத்துக்கொண்டு எதையும் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பாட்டைப் போட்டாலும், இதற்கு எந்த முகத்தை ஒட்டியிருப்பார்கள் என்ற நினைப்புதான் வந்தது. டிவியில் யாராவது அழுதால் இவள் அறைக்குப் போய்விடுவாள். சீரியலை மம்மி தனியாகப் பார்த்தாள். மம்மிக்குப் பின்னணி இசை தெரியாது, மாமியார் வந்த பிறகுதான் மாமியார் வந்திருக்கிறாள் என்று தெரியும்.

நாள் ஆக ஆக ஆறும் என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புது சீசனுக்கான விளம்பரம் வந்தது. பெரிய இசை, வண்ண விளக்குகள், நடுவில் மஞ்சள் சுடிதார். கன்னத்தில் அதே கண்ணீர். மம்மி அவசரமாக ரிமோட்டைத் தேடினாள். லீனா போனை எடுத்து, பேக்கரிக்கு வாங்க என்று ஒரே ஒரு வரி அனுப்பினாள்.

அவன் வந்து சேருவதற்குள் மழையும் வந்துவிட்டது. இளைத்திருந்தான். கண்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. பாழாய்ப்போன மனசு அதைத்தான் முதலில் பார்த்தது. அவனும் விளம்பரத்தைப் பார்த்திருந்தான். பார்த்த உடனே டிவிக்காரர்களிடம் போய், அவள் முகத்தை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். உள்ளே வந்து உட்கார்ந்தவர்களின் முகம் எங்களுடையது என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

"என்கிட்ட ஒரிஜினல் இருக்கு," என்றான். "வீணா குரலோட. அதை நெட்ல போட்டுடறேன். நான்தான் மாத்தி ஒட்டினேன்னு என் பேரைப் போட்டே சொல்றேன். இந்த லைன்ல எனக்கு வேலை கிடைக்காது, பர்வாயில்ல. உன் பேர் தெளிஞ்சுடும்."

"எங்க டாடிக்கும் நாலு பேர் லைக் போடணுமா?"

லீனா கையை நீட்டி, காட்டுங்க என்றாள். அவன் போனைக் கொடுத்தான். மிச்சமிருந்த ஒற்றை இயர்பட்டை அதோடு இணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

வீணா பாடினாள். முதல் வரி. பிறகு வார்த்தை வராமல், ம்ம்... என்று அந்த முனகல். டாடி கண்ணாடி முன்னால் நின்று ஒரு கன்னத்தை உப்பிக்கொண்டு முனகுகிற அதே இடம். அந்த முனகலின் மேலேயே கேமராவுக்குப் பின்னால் ஒருவன், அந்த மஞ்சள் சுடிதாரை விடாதே, கிட்டப் போ என்று சொல்வதும் கேட்டது. அழுதுகொண்டிருந்தவளுக்கு அது கேட்கவில்லை. தனியாக இருப்பதாக நினைத்து அழுதிருக்கிறாள்.

படம் அங்கே நிற்கவில்லை. ஊர் பார்த்த இடத்தைத் தாண்டி ஓடியது. மஞ்சள் சுடிதார் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். மேடையைப் பார்த்துச் சிரித்தாள். யாருமே இல்லாத அரங்கத்தில் வீணாவுக்காகத் தன்னந்தனியாகக் கைதட்டினாள்.

"இது டிவியில வரல," என்றாள் லீனா.

"இல்ல. இதை மட்டும் நான் யாருக்கும் குடுக்கல." அவன் குரல் உடைந்தது. "மாசக்கணக்கா அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். உன் பேர்கூடத் தெரியாது. அன்னைக்கு இங்க நீ சிரிச்சப்போ... அப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா நீ போயிடுவேன்னு பயந்துட்டேன். எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும் லீனா. பார்க்கறதுக்கு முன்னாடியே பிடிக்கும்."

இந்த வார்த்தைகளுக்காக எத்தனை சனிக்கிழமை இந்தக் கூரைக்குக் கீழே நின்றிருக்கிறாள். கடைசியில் வந்தபோது அது அவள் நெஞ்சைக் கீறிக்கொண்டு உள்ளே போனது.

"அழுகையை ஊருக்குக் குடுத்துட்டு, சிரிப்பை நீங்க வெச்சுக்கிட்டீங்க," என்றாள். "அழிச்சுடுங்க."

அவன் போனை வாங்கி, அவள் பார்க்கும்படியே அழித்தான். மஞ்சள் சுடிதாரின் சிரிப்பு போய், திரை கறுப்பானது. அதைப் பார்த்ததும் லீனாவின் கண்கள் நிறைந்தன. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. யாரும் அழச் சொல்லாமல், எந்தப் பாட்டும் இல்லாமல் கன்னத்தில் வழிந்தது. பழக்க தோஷத்தில் அவன் அந்த முகத்தையே பார்த்தான். பிறகு தான் பார்ப்பது உறைத்து, வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்பாத. பாரு," என்றாள் லீனா.

அந்த 'பாரு'வைக் கேட்டு அவன் திரும்பினான். கண்ணில் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. அதை அணைக்க அவளுக்கு மனசில்லை, ஆனாலும் அணைத்தாள்.

"எனக்கும் உன்னை ரொம்பப் பிடிக்கும். ஆனா நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதை எங்க வைக்கலாம்னு பார்க்கறியோன்னுதான் எனக்குத் தோணும். அப்படித் தோணிக்கிட்டே ஒருத்தனோட வாழ முடியாது." கன்னத்தைத் துடைக்காமல் அவனை நேராகப் பார்த்தாள். "இது உனக்குத்தான். உனக்காக மட்டும்தான் அழறேன். இதையாவது வேற எவன் பாட்டுக்கும் ஒட்டிடாத."

இறங்கி மழையில் நடந்தாள். பின்னால் அவன் குடையை விரிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. திருப்பம் தாண்டியதும், ரொம்ப நாளைக்குப் பிறகு, அவள் வாய் தன்னால் அந்தப் பாட்டை எடுத்தது. முதல் வரியைப் பாடினாள். இரண்டாவது வரி அவளுக்குத் தெரியும், ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும். ஆனாலும் அந்த இடம் வந்தபோது, ம்ம்... என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.